பாட்டையா நடமாடிய வீடு: கூடுவாய் முதல் ஊஞ்சல் கொக்கி வரை

இந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் பெய்து ஓய்ந்த பிறகும் எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையின் சுவர் காய்ந்தபடியே நிற்கிறது. தை பிறந்தும் உப்புப் பூக்கவில்லை. வீட்டைப் பழுதுபார்த்த வேலை முடிந்த கையோடு எழுதியிருக்கலாம். ஒரு மழைக்காலம் பார்க்காமல் கூரை வேலையைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். இப்போது பேசலாம்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய கட்டும்), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்புச் சுதையில் 1912 என்று போட்டிருக்கிறது. கட்டியவர் எங்கள் பாட்டையா. பர்மாவில் லேவாதேவி செய்தவர், வீட்டுத் தேக்கெல்லாம் அங்கிருந்து இறக்கியது. 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரர் கைக்குப் போன சமயத்தில் கடையை விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவருக்குக் கடைசிக் காலம் முழுக்கப் பட்டாலை ஊஞ்சல்தான். ராத்திரியில் கட்டுக் கட்டாகப் போய் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். இன்றைக்கு அந்த வீட்டுக்கு ஒன்பது புள்ளி, அதாவது பங்குள்ள ஒன்பது குடும்பம். ஒருவரும் ஊரில் இல்லை. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் திறப்போம், மற்ற நாளெல்லாம் பூட்டு.

பாட்டையா இன்னும் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெருவில் பேச்சு. படைப்புப் போட்டுக் கும்பிடுகிறவரைப் பேய் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கூச்சம் எதற்கு? சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒருத்தரும் உள்ளே நிற்பதில்லை. சாரம் கட்டி, கலவை போட்டு, ஆளைச் சேர்த்து வேலை வேகம் பிடிக்கிற நேரத்தில் எல்லாரும் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். கூலி என்னவோ முழு நாள் கூலி.

வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று பங்காளிகள் என்னிடம் ஒப்படைத்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் எதிர்த்த வீட்டுக்காரர்களிடமும் உட்கார்ந்து, பாட்டையா என்னென்ன செய்கிறார் என்று கேட்டேன். நம்புவதா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை. எந்த இடம், எந்த நேரம், எந்த மாதம், இது மட்டும்தான் கேள்வி. நோட்டில் நாலு வரி தேறியது.

பட்டாலைச் சுவரில் பாட்டையா படம் மாட்டியிருந்த இடத்தில் ஆள் உருவம் தெரிகிறது. கார்த்திகையில் வரும், மார்கழியில் கறுக்கும், பங்குனியில் வெளுத்துத் தோல் உரியும்.

மச்சில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் மேற்கிலிருந்து கிழக்கே நடை கேட்கும். விடிவதற்குள் திரும்பி நடக்கும்.

வெயில் காலத்தில் பொழுது சாய்ந்ததும் ஊஞ்சல் முனகும்.

ரெண்டாங்கட்டில் ஒரு அறைக் கதவு, சாத்தினால் திறந்துகொள்ளும்.

வருஷக்கணக்காக யாரும் குடியிருக்காத வீட்டைப் பற்றி இவ்வளவு துல்லியமான பழுதுப் பட்டியல் எந்த இன்ஜினியரிடமும் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் நேரமும் இடமும் இருந்ததால் எங்கே ஏணி போடுவது என்பது பாதி முடிவாகிவிட்டது.

சுவர்

உருவம் தெரிந்தது தரையிலிருந்து மூன்றடி முதல் எட்டடி வரை. தலை, தோள், அதற்குக் கீழே அகலமாக உடம்பு. பார்த்தால் எனக்கும் ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்பு பங்காளி ஒருவர் அந்த இடத்தைச் சுரண்டி, சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்து வைத்திருந்தார். அடுத்த மழைக்கே கறை ஆள் உருவமாகத் திரும்பியது. கதைக்கு உயிர் வந்ததும் அப்போதுதான்: சிமெண்டே தாங்கவில்லை என்றால் பிறகு வேறென்ன?

முதலில் தட்டிப் பார்த்தோம். மரச்சுத்தியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாகப் பேசும், விட்டுப்போன பூச்சு பொக்கென்று பேசும். சிமெண்ட் பூசிய இடம் முக்கால்வாசி பொக்கு. அதைச் சுற்றி நூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு, கை வைத்தால் வழுக்குகிற அந்தப் பழைய மெருகோடு, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து, ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு ராத்திரி விட்டோம். தாளின் வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக்காற்றின் ஈரம், உட்பக்கம் வேர்த்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உட்பக்கம்தான் வேர்த்தது.

சுவருக்குள் ஈரம் என்றதும் எல்லாருக்கும் தரைதான் ஞாபகம் வந்தது. சுவரோரமாக ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து, இரண்டடி ஆழம் தோண்டினோம். எட்டங்குலச் சதுரக் கல், சிலது பெயர்க்கும்போதே உடைந்தது. கீழே மண் பொடிபொடியாக, வறண்டு கிடந்தது. இந்த வீடுகளைத் தெருமட்டத்திலிருந்து உயர்த்தி மேடை போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். தரை ஈரம் ஏறினாலும் இடுப்பளவுக்கு மேல் வருவது அபூர்வம். உருவத்தின் தலையோ எட்டடியில் இருக்கிறது. தோண்டுவதற்கு முன்பு இதை யோசித்திருந்தால் 5,600 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

“தம்பி, தண்ணி மேலருந்து கீழதான் வரும். நாம கீழருந்து மேல போறோம்” என்றார் கொத்தனார். தோண்டச் சொன்னதே அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

கூரை

பட்டாலைக்கு மேலே தேக்குப் பலகை மச்சு, அதற்கு மேலே நாட்டு ஓடு. வளவுக் கூரையும் பக்கத்துக் கூரையும் சந்திக்கிற கூடுவாய், அந்தச் சுவரின் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் கூடுவாய் முழுக்க வேப்பிலைச் சருகும் மண்ணும். அதில் ஒரு அரசங்கன்று வேறு, விரல் தடிமனில்.

பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று தோன்றும். ஆனால் பழைய கூரையில் சந்தேகப்பட பத்து இடம் இருக்கும், அதனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இதற்கு ஒரு முறை உண்டு. கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் இறவாரத்துக்குப் பக்கத்தில் ஊற்றி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் இரண்டடி மேலே. உச்சியிலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். தண்ணீரில் சொட்டு நீலம் கலந்துகொண்டோம். கூடுவாயின் நடுப்பகுதிக்கு வந்தபோது, மச்சுக்குள் உட்கார்ந்திருந்த பையன் குரல் கொடுத்தான். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் நீலம் சொட்டுகிறது.

சுவரின் வெளிப்பக்கத்தில் நீலம் வரவே இல்லை. மறுநாள் ஈரம் மட்டும் தெரிந்தது. வழியிலேயே செங்கல்லும் சுண்ணாம்பும் நிறத்தைப் பிடித்துக்கொண்டன போலிருக்கிறது. சுவரில் நிறம் தேடி ஏமாறாமல், மச்சுக்குள் ஒரு ஆளை டார்ச்சோடு உட்கார வைப்பதுதான் முக்கியம்.

உருவத்தின் வடிவமும் இதில் விளங்கிவிட்டது. தண்ணீர் உத்திரத்தின் முனையில் இறங்கி, பழைய மெருகுப் பூச்சுக்குப் பின்னால் வழிந்திருக்கிறது. அந்தப் பூச்சு விடவில்லை. எட்டடியில் படம் மாட்ட அடித்திருந்த மரமுளையைச் சுற்றி முதலில் கசிந்தது தலை. சிமெண்ட் ஒட்டுப் பூச்சின் மேல் விளிம்போடு இரண்டு பக்கமும் பரவியது தோள். சிமெண்டுக்குப் பின்னால் அடைபட்டு, போக வழியில்லாமல் தேங்கியது உடம்பு. பாட்டையாவுக்கு உடம்பு கொடுத்தது எங்கள் பங்காளிதான்.

கூடுவாயில் ஓடுகளைக் கழற்றினோம். அடியில் இருந்த தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. மாற்றுவதற்கு நான் அலுமினியத் தகடு வாங்கிவந்தேன். லேசானது, துருப்பிடிக்காது, விலை 3,900. கொத்தனார் தொடவே மறுத்தார். ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துவிடும் என்றார். நம்பாமல் ஒரு துண்டை வெட்டிச் சுண்ணாம்புச் சாந்துக்குள் புதைத்து வைத்தேன். மறுநாள் காலையில் மேலெல்லாம் வெள்ளைப் பொருக்கும் புள்ளிப் புள்ளியாக அரிப்பும். கூடுவாயின் இரண்டு ஓரமும் சாந்து வைத்துத்தான் ஓடுகளை உட்கார வைக்க வேண்டும் என்பதால் அலுமினியம் இங்கே ஆகவே ஆகாது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அது கோழிக்கூண்டுக்குக் கூரை.

கடைசியில் போட்டது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 0.8 மில்லிமீட்டர், இரண்டடி அகலம், மொத்தம் 18 அடி. மூன்று துண்டாக வெட்டி, கீழ்த் துண்டின் மேல் மேல்துண்டு ஆறங்குலம் ஏறும்படி கீழிருந்து மேலாக அடுக்கினோம். நீள ஓரம் இரண்டையும் ஒரு அங்குலம் உள்பக்கமாக மடித்தோம். பக்கவாட்டில் ஏறுகிற தண்ணீரை அந்த மடிப்புத் திருப்பிவிடும். தகட்டின் நடுவில் ஆணியே கிடையாது. ஆணி எல்லாம் மடிப்புக்கு வெளியே, கிளிப் போட்டு. தகடு, வளைக்கும் கூலி எல்லாம் சேர்த்து 7,200.

ஓடுகளில் கணிசமானது உடைசல். பிரித்த வீட்டு ஓடு 600 வாங்கினோம், ஒன்று எட்டு ரூபாய். வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் எடுக்கலாம், மொட்டையாகச் சத்தம் வந்தால் உள்ளே கீறல். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

உத்திரத்தின் முனை

பர்மாத் தேக்கு உளுக்காது என்பது பெரியவர்கள் வாக்கு. நட்ட நடுவில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் இன்றைக்கும் முனை இறங்கவில்லை. ஆனால் சுவருக்குள் இருக்கும் முனை வருஷா வருஷம் நனைந்து, காற்றில்லாமல் கிடந்தால் எந்த மரமும் எத்தனை நாள் தாங்கும்? வெளிப்புறம் சரியாக இருந்தது. சுவரைக் கொஞ்சம் பிரித்துக் குத்திப் பார்த்தபோது நாலங்குலம் வரை ஸ்க்ரூடிரைவர் தானாக இறங்கியது. ஊஞ்சலின் ஒரு பக்கக் கொக்கி தொங்குவது இதே உத்திரத்தில்தான். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே ஊஞ்சல் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டோம்.

முழு உத்திரத்தை மாற்றுவது நடக்காத காரியம். ஆசாரி இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் ஒரு நூல் உயரம் மட்டும் தூக்கி, கெட்ட முனையை அறுத்தெடுத்தார். ஆறுக்கு எட்டங்குலத்தில் மூன்றடித் துண்டு ஒன்றைச் சாய்வாகச் சீவி, பழைய மரத்தோடு இரண்டடி நீளத்துக்கு ஒட்டுக் கொடுத்து, நாலு போல்ட் முடுக்கினார். துண்டு வாங்கியது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து விற்கிற கதவும் தூணும் சாமானும் வந்து குவிகிற தெரு அது. யார் வீட்டு உத்திரமோ, 4,500 ரூபாய். புதுத் தேக்கு இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் புது மரம் காய்ந்து சுருங்கினால் ஒட்டு விட்டுவிடும் என்று ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை.

மறுபடி சுவருக்குள் வைக்கும்போது முனையைச் சுற்றி ஒரு அங்குலம் இடைவெளி விட்டோம். அடியில் கருங்கல் துண்டு. மரத்தின் மேல் சாந்து படக்கூடாது. முதலில் கட்டியவர்கள் அப்படித்தான் விட்டிருந்தார்கள். நடுவில் எப்போதோ யாரோ அந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள்.

பூச்சு

கூரை முடிந்ததும் பூசிவிடலாம் என்று எல்லாருக்கும் அவசரம். சுவர் காய வேண்டும். சிமெண்ட் பூச்சை, கறை தெரிந்த இடத்துக்கு அப்பால் ஒரு அடி வரை முழுக்க உளி போட்டு எடுத்துவிட்டு, சித்திரை, வைகாசி வெயில் முழுக்க வளவுக் கதவுகளைத் திறந்து போட்டோம். பகலில் மட்டும். ராத்திரியில் திறந்து வைக்க வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சம்மதிக்கவில்லை.

காயக் காயச் செங்கல்லில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதை ஈரத்துணியால் துடைத்தால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிச் சேகரித்து வெளியே கொட்டினோம். பிறகு பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் ஒரு அங்குலம் கனத்துக்கு அப்பி, தானாகக் காய்ந்து விலகும்வரை விட்டோம். கூழ் காயும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. காய்ந்த தாளை நாக்கில் வைத்தால் கரித்தது. கரிப்பு இல்லாமல் போகும்வரை இதையே திரும்பச் செய்தோம். செலவே இல்லாத இந்த வேலைதான் மொத்தத்தில் அதிகப் பலன் தந்தது என்பது என் எண்ணம். இதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த பூச்சுப் பூசினாலும் அடுத்த வருஷம் அதே உப்பு தோலை உரித்துவிடும்.

நீற்றின சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறப்போட்டு, வெண்ணெய்ப் பதத்துக்கு வந்த பிறகு சலித்தோம். கடுக்காயை உடைத்து ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் கலவைக்கு. எங்கள் கணக்கு, இருபது லிட்டர் தண்ணீருக்குக் கடுக்காய் ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ. கொத்தனாருக்குக் கணக்கு நாக்கில்தான். துவர்ப்பு போதாது என்று இன்னொரு பிடி கடுக்காய் போடுவார். வேலை நடந்த நாளெல்லாம் எறும்புத் தொல்லை தாங்கவில்லை.

முதல் பூச்சு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, 12 மில்லிமீட்டர் கனம். அது வெடித்தது. மயிரிழை வெடிப்புத்தான், ஆனால் சுவர் முழுக்க. கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று சீக்கிரம் காய பெடஸ்டல் ஃபேன் வைத்திருந்தோம். சுண்ணாம்புக்கு அந்த அவசரம் ஆகாது. முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி பூசினோம். இந்தத் தடவை சுவரை நன்றாக நனைத்துவிட்டுப் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். பூசிய சில மணி நேரத்தில் மரத்தட்டுப்பலகையால் அழுத்தித் தேய்த்தால் ஆரம்ப வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஃபேன் இருந்த இடத்தில் சாக்கு வந்தது, வெடிப்பு வரவில்லை.

இரண்டாவது பூச்சு ஒன்றுக்கு இரண்டு, எட்டு மில்லிமீட்டர். கடைசிப் பூச்சு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது, சலித்த சுண்ணாம்போடு வெள்ளைக்கல் பொடி. முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதா வேண்டாமா என்று பங்காளிகளுக்குள் பெரிய விவாதம். மூணாங்கட்டுச் சுவரில் முட்டை சேர்த்து ஒரு சதுரம், சேர்க்காமல் ஒரு சதுரம் பூசிப் பார்த்தோம். முட்டை சேர்த்தது மெருகுக் கல்லுக்குச் சீக்கிரம் வழவழத்தது. மற்றபடி என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பட்டாலையில் முட்டை சேர்க்கவில்லை, கல்லால் கூடுதல் நேரம் தேய்த்தோம். பழைய பூச்சின் பளபளப்பு வரவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டுப் போட்டது தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டையா படத்தைத் திரும்ப மாட்டும்போது சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ஒரு அங்குல மரத்தக்கை வைத்தோம். படத்துக்குப் பின்னால் காற்று போக வேண்டும்.

நடை

மச்சுப் பலகையில் சாயங்காலம் கோலமாவைச் சலித்துத் தூவிவிட்டு வந்தோம். காலையில் ஐந்து விரல் கால்தடம், மேற்கே இறவாரத்திலிருந்து கிழக்கு மூலை வரை. மூலையில் விதை விதையாக எச்சம். மரநாய். பகலெல்லாம் மச்சில் தூங்கிவிட்டு இருட்டியதும் இரை தேடக் கிளம்பும், விடிவதற்குள் திரும்பும். நூறு வருஷத்துப் பலகையில் நடந்தால் கீழே ஆள் நடப்பதுபோல்தான் கேட்கிறது. நானே கேட்டேன். கால்தடம் பார்த்த பிறகும் அந்தச் சத்தத்துக்கு முதுகு சிலிர்க்கத்தான் செய்தது.

மரநாய் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் பிராணி. கண்ணி வைப்பது, மருந்து வைப்பது எல்லாம் குற்றம். செய்யக்கூடியது ஒன்றுதான். அது வெளியே இருக்கும்போது வழியை அடைப்பது. குட்டி இருந்தால் அதுவும் ஆகாது என்பதால் கொஞ்ச நாள் மாவு தூவித் தூவிப் பார்த்தோம். ஒரே அளவுத் தடம்தான், சின்னத் தடம் இல்லை, கீச்சுச் சத்தமும் இல்லை.

அது வெளியே போவது ராத்திரி ஒன்பதுக்கு. வேலையாட்கள் போவது ஐந்துக்கு. ஆகவே வலை அடிக்கிற வேலை எனக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் மகனுக்கும் வந்து சேர்ந்தது. அவன் டார்ச் பிடித்தான், கூடவே கந்தசஷ்டிக் கவசமும் சொன்னான். அரையங்குலக் கண் வெல்டு மெஷ், ஓரத்தை மடித்து, ஆறங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. கோழி வலை போட்டால் கடித்துப் பிய்த்துவிடும். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த வேப்பங்கிளையை அதற்கு முன்பே ஆறடி தள்ளி வெட்டியாகிவிட்டது. கூடுவாயில் சருகு சேர்ந்ததும் அந்தக் கிளையால்தான், மரநாய் ஏறியதும் அதன் வழியேதான். வலை, ஸ்க்ரூ, கிளை வெட்டு எல்லாம் 3,800.

கதவும் ஊஞ்சலும்

ரெண்டாங்கட்டுக் கதவு பத்து நிமிஷ வேலை. கீல் இல்லாமல் மேலும் கீழும் குழியில் சுழல்கிற குடுமிக் கதவு. தூக்குக்குண்டு பிடித்தால் ஏழடி உயரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் சாய்வு. கீழ்க்குடுமி உட்கார்கிற கல் குழி தேய்ந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கதவைத் தூக்கி, குழியில் பித்தளை வில்லை ஒன்று போட்டதும் சாத்தினால் சாத்தியபடி நிற்கிறது.

ஊஞ்சல் ஆடுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. முனகல்தான் கேட்டிருக்கிறார்கள். பகல் வெயிலில் சூடான கூரை மரம் பொழுது சாய்ந்ததும் குளிர்கிறபோது நெட்டி முறிக்கும். முனை பிடிமானம் இல்லாத உத்திரம் அசைந்தால் அதில் தொங்குகிற கொக்கி உரசும். உத்திர வேலை முடிந்த பிறகு அந்தச் சத்தம் பாதிதான் குறைந்தது. சங்கிலியைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தபோது மீதிக் காரணம் கிடைத்தது. மேல் கொக்கி, பத்து மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, உள்வளைவில் தேய்ந்து ஆறு மில்லிமீட்டராகியிருந்தது. இரண்டு பித்தளைக் கண்ணிகளிலும் அதே தேய்மானம். கல்யாண வீட்டில் பத்துப் பிள்ளைகள் ஒன்றாக ஏறி ஆடுகிற ஊஞ்சல் அது.

கொக்கி இரண்டையும் 16 மில்லிமீட்டர் ஸ்டீலில் புதிதாகச் செய்து, கண்ணிகளை மாற்றினோம், 6,500. மாட்டியபின் பலகையில் 50 கிலோ மணல் மூட்டை ஆறு ஏற்றி ஒரு ராத்திரி விட்டோம். காலையில் உத்திரத்தின் ஒட்டில் பென்சிலால் போட்ட கோடு நகரவில்லை. கொக்கியில் கிரீஸ் வைத்த பிறகு முனகலும் நின்றது. வெயில் காலத்தில் மரம் எப்போதாவது ஒருமுறை முறிக்கிறது. அதற்கு நான் ஒன்றும் செய்வதாக இல்லை.

கணக்கு

கொத்தனார், சித்தாள் கூலி 96,000. ஆசாரி 14,000. சுண்ணாம்பு, மணல், கல்பொடி, கடுக்காய், வெல்லம் 11,500. சாரம் வாடகை 9,000. மேலே சொன்ன தகடு, ஓடு, தேக்குத் துண்டு, வலை, கொக்கி, அதோடு வீணாய்ப்போன அலுமினியமும் தோண்டலும் சேர்த்து மொத்தம் 1,66,800 ரூபாய். ஒன்பது புள்ளிக்கும் பிரித்தால் தலைக்கு 18,533. சிமெண்ட் பூசிய பங்காளி, தான் முன்பு செலவழித்ததைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். மற்ற எட்டுப் புள்ளியும் சிரித்ததோடு அது முடிந்தது.

அடுத்த முறைக்குச் சில மாற்றங்கள். கூடுவாய்த் தகடு இரண்டடி அகலம் பற்றாது. பெருமழையில் தண்ணீர் மடிப்பு வரை ஏறி ஓடுவதை இந்தக் கார்த்திகையில் பார்த்தேன். இன்னும் ஆறங்குலம் கூட்டியிருக்க வேண்டும். சுண்ணாம்பை ஊறப்போடுவது முதல் வேலையாக இருக்க வேண்டும், கூரையில் ஏணி வைக்கும் முன்பே. எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்குப் பூச்சு வெடிக்காது. கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசியிருந்தால் ஐந்து மணிக் கதையால் எனக்கு நஷ்டமில்லை. கால்தடத்தைப் படம் எடுத்துக் காட்டிய பிறகும் சித்தாள்கள் ஐந்துக்குக் கிளம்பினார்கள். மரநாய்க்குத் தடம் இருக்கும், பாட்டையாவுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரெண்டாங்கட்டுக் கூடுவாயில் இருப்பதும் அதே வயதுத் தகரம். அங்கே இன்னும் யாரும் உருவம் எதையும் பார்க்கவில்லை, ஆனால் உத்திர முனையில் ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் இறங்குகிறது. 14 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் தகட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. பங்குனியில் ஏணி வைக்கிறோம்.